பாசியை அறிந்த பெரியார்

களனி கங்கை பிறக்கும் சிவனொளிபாதமலைச் சாரலில் மரந்தோறும் பாசி படர்ந்திருக்கும். மழைநீரை உறிஞ்சி வைத்துத் துளித்துளியாய் ஓடைக்கு ஈவது அது. கொழும்பிலே அவ்வாற்று நீரைப் பருகும் நம்முள், அந்தப் பாசிக்கும் பெயருண்டு என எண்ணியோர் எத்தனை பேர்? ஈழத்துப் பாசிகளை இனம்பிரித்து நிரல்படுத்த உழைத்த பெரியார் ஒருவர் இருந்தார்.

ஜோர்ஜ் ஹென்றி கென்ட்றிக் துவைற்ஸ் 1812இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். தொழிலாற் கணக்கர், ஓய்வு நேரமெல்லாம் நுணுக்குக்காட்டிக்கே உரியது. டயற்றம் என்னும் நுண்ணுயிர்கள் இணைந்து இனம் பெருக்குவதை 1847இல் கண்டறிந்து அறிஞரின் மதிப்பைப் பெற்றார். 1849இல், கார்ட்னர் காலமானபின், பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். பின்னர் அவர் தாயகம் திரும்பவேயில்லை.

பாசியை இனங்காண்டல் எளிதன்று. அதற்குப் பூவுமில்லை, கனியுமில்லை. இலையோ பெரும்பாலும் ஒரே கலத் தடிப்புடையது. அக்கலங்களின் வடிவம், இலையின் நடுநரம்பு, வித்திப்பையின் வாயைச் சூழ்ந்த நுண்பற்கள் ஆகியனவே அடையாளங்கள். அது வளர்ந்தது பாறையிலா, மரப்பட்டையிலா, மண்ணிலா என்பதையும் நோக்க வேண்டும். துவைற்ஸ், சசெக்ஸில் மருந்து வணிகராயிருந்த பாசியியல் வல்லுநர் வில்லியம் மிற்றனுடன் சேர்ந்து ஆக்கிய இலங்கைப் பாசிகளின் பட்டியல், 1873இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1858 முதல் 1864 வரை, இலங்கைத் தாவரங்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலையும் அவர் வெளியிட்டிருந்தார்.

சிறியதைக் கூர்ந்து நோக்கிய அக்கண் நாட்டுக்கும் பயன்பட்டது. 1869இல் கோப்பி இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி தோன்றியது. துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்லியிடம் அனுப்ப, அது புதியதொரு பங்கசு எனத் தெளிவாயிற்று. மேற்பூச்சு மருந்துகளில் துவைற்ஸ் நம்பிக்கை வைக்கவில்லை. கோப்பித் தோட்டங்கள் அழிந்தன; தென்னிந்தியாவிலிருந்து வந்து அவற்றில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். எனினும் வேறு பயிர்களுக்கு வழி திறந்திருந்தது. 1861இலேயே அவர் காலத்தில் ஹக்கலையிற் சிங்கோனா வளர்க்கப்பட்டது. 1876இல் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் றப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன.

1880இல் ஓய்வுபெற்ற துவைற்ஸ், 1882 செப்டெம்பர் 11ஆம் நாள் கண்டியில் மறைந்தார். கோப்பியை அழித்தது ஊனக்கண்ணுக்குத் தனியே புலனாகாத வித்தி. மலைநீரைக் காப்பது காலடியில் மிதிபடும் பாசி. சிறியதென ஒன்றை ஒதுக்குமுன் அதன் பெயரையும் இருப்பிடத்தையும் அறிதல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.