காற்றில் விளக்கெரித்த ஜேம்ஸ் பிளைத்

தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றிலிருந்தே எடுக்கலாம் என்று 1887-லேயே செய்து காட்டியவர் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத்.

1839-இல் மேரிகர்க் கிராமத்தில் பிறந்தார். தந்தை சிறு விவசாயி, விடுதியும் நடத்தினார். மகன் உதவித்தொகையில் படித்து, ஆசிரியராகி, 1880-இல் கிளாஸ்கோவின் ஆண்டர்சன் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார்.

விடுமுறைக்குச் சொந்த ஊருக்கு வருவார். அங்கே தம் வீட்டுத் தோட்டத்தில் சுமார் 10 மீட்டர் உயரத்தில் ஒரு காற்றாலையை எழுப்பினார். இறக்கைகள் வெறும் துணிதான். காற்று நினைத்தபோது வீசும், நினைத்தபோது நிற்கும். விளக்கும் அப்படி எரிந்தால் யாருக்கு உதவும்? அதனால் டைனமோவில் வந்த மின்சாரத்தை முதலில் பேட்டரிகளில் சேமித்தார். அதிலிருந்துதான் விளக்குகள் எரிந்தன. உலகிலேயே காற்று மின்சாரத்தில் விளக்கெரிந்த முதல் வீடு அதுதான் என்கிறார்கள்.

மிஞ்சிய மின்சாரத்தை ஊர்த் தெருவுக்குத் தர முன்வந்தார். ஊரார் மறுத்துவிட்டார்கள். அது சாத்தானின் வேலையாம்! கேட்டவர் சொந்த ஊர்க்காரர், அதிலும் பேராசிரியர், அப்படியும் நம்பவில்லை. பிளைத் ஓயவில்லை. 1891-இல் காப்புரிமை பெற்றார். பிறகு மான்ட்ரோஸ் மனநல மருத்துவமனைக்கு இன்னும் பெரிய காற்றாலை அமைந்தது.

நம் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ராவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தது 1894-இல். ஜார்ஜ்டவுனுக்கு மின்நிலையம் வந்தது 1904-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து பிளைத் காலமானார். அவர் வீட்டுக் காற்றாலை அதன் பிறகும் சில ஆண்டுகள் சுழன்றது.