இரு கை தட்டினால்தான் ஓசை!

குழந்தைகளே! வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? வேரில் கடுகு போலச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். செடிக்கு ஏதோ நோய் என்று நினைத்துவிடாதீர்கள். அவை குட்டி உரத் தொழிற்சாலைகள்! அங்கே உழைக்கும் தொழிலாளியைப் பிடித்துக் காட்டியவர் மார்டினஸ் பெய்யரிங்க்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1851-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி பிறந்தார். தந்தை புகையிலை வியாபாரி. வியாபாரம் நொடித்துப் போனது. வறுமையிலும் மார்டினஸ் படிப்பை விடவில்லை. 1877-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1885-இல் டெல்ஃப்ட் நகரில் ஈஸ்ட் ஆலை ஒன்றில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

செடி வளர நைட்ரஜன் வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால், செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நடுவே இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாத கதைதான்! பிறகு பட்டாணியும் அவரையும் மட்டும் சத்தில்லாத மண்ணிலும் செழிப்பது எப்படி? வேர் முடிச்சுகளே காரணம் என்று ஜெர்மானிய விஞ்ஞானிகள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் கண்டறிந்தனர். 1888-இல் பெய்யரிங்க், முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அந்த வகை பாக்டீரியாவை இன்று ரைசோபியம் என்கிறோம்.

1895-இல் டெல்ஃப்டில் பேராசிரியர் ஆனார். 1898-இல் புகையிலைச் செடியைத் தாக்கும் கிருமி, பாக்டீரியாவை விடவும் நுண்ணியது என்று கண்டு, அதை 'வைரஸ்' என்று அழைத்தார். 1901-இல், செடியின் துணையின்றித் தானே நைட்ரஜனைப் பிடிக்கும் அசோட்டோபாக்டரையும் கண்டுபிடித்தார்.

பாக்டீரியா இந்த வேலையை எப்படிச் செய்கிறது? விடை தெரியும் முன்பே, 1931 ஜனவரி 1-இல் அவர் மறைந்தார்.

1960-களில் விடை கிடைத்தது. பாக்டீரியாவிடம் உள்ள கருவி, நைட்ரஜனேஸ் என்னும் நொதி. அதற்கு இரண்டு பாகங்கள். இரும்பு உள்ள சிறிய பாகம், எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து கொடுக்கும். இரும்பும் மாலிப்டினமும் உள்ள பெரிய பாகம், அவற்றை வாங்கி நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும். தனியாக விட்டால் இரண்டுமே சும்மா இருக்கும்! கைகோத்தால்தான் வேலை நடக்கும்.

ஆக்சிஜன் பட்டால் இந்த நொதி கெட்டுவிடும். அதனால் செடி, முடிச்சுக்குள் ஒரு சிவப்புப் புரதத்தைக் காவலுக்கு வைக்கிறது. பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் போடுகிறது.

அடுத்த முறை வேர் முடிச்சைப் பார்த்தால் நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், தொழிற்சாலை ஓடுகிறது என்று அர்த்தம்!