அடியார் வழியில் திரு. வி. க.

சடையங்குப்பத்திற்கு அண்மையிலுள்ள திருவொற்றியூர், அடியார் பலர் நினைவைத் தாங்கி நிற்கும் பழம்பதி. கோயில் விளக்கெரிக்கப் பொருளின்றிக் கூலிக்குச் செக்காடிய கலிய நாயனார் இவ்வூரினர். சென்னையில் வாழ்ந்த நாளில் இராமலிங்க அடிகள் நாடிவந்து வழிபட்டதும் இத்தலமே. அவ்வடிகளின் பாடல்கள் பற்றிப் பின்னாளில் எழுந்த வழக்கு, ஓர் இளைஞரின் வாழ்வையே வேறு திசையில் செலுத்திற்று. அவரே திரு. வி. கலியாணசுந்தரனார்.

1883ஆம் ஆண்டு துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றார். அங்கே தமிழாசிரியர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளை. இராமலிங்கர் பாடல்களை அருட்பா என்றல் தகாது என்பது அப்பெரும்புலவர் கொள்கை. பூசல் வழக்கு மன்றம் ஏறியது. 1904இல் ஆசிரியர் பொருட்டுச் சான்று கூறச் சென்றமையால் மாணவர் தேர்வெழுத இயலவில்லை; பள்ளிப் படிப்பும் அத்துடன் நின்றது. ஆசிரியர் மறைந்தபின் அவர் வரலாற்றை எழுதிய அதே கை, பிற்காலத்தில் இராமலிங்கரின் திருவுள்ளத்தைப் போற்றியும் ஒரு நூல் வரைந்தது. ஆசிரியரையும் மறவாது, உண்மையையும் மறையாது நின்ற இப்பண்பு புலவர்களிடையே அரிது.

இளமையிலேயே அவர் பெரியபுராணத்திற்குக் குறிப்புரை வரைந்தார். குயவரும் ஏகாலியரும் நெசவாளரும் பரதவரும் அந்நூலில் மன்னரோடு ஒப்ப அடியாராய் வீற்றிருத்தலை நீங்கள் அறிவீர்கள். பலதிறத்து மக்களும் ஓரினமாய் நிற்கும் நாட்டை அவர் கண்டது அவ்வவையில்தான் என்பது என் துணிபு. 1917இல் தமிழாசிரியர் பணியைத் துறந்து நாளிதழ் ஒன்றன் ஆசிரியரானார். அதன் பெயர் ‘தேசபக்தன்’. இறைவனடியார்க்கு உரிய ‘பக்தன்’ என்னும் சொல் நாட்டுத் தொண்டர்க்கும் உரியதாயிற்று! ஆங்கிலம் ஓங்கியிருந்த அரசியல் மேடையில் அவர் செந்தமிழ் முழங்கினார்.

பெரம்பூரில் செல்வபதி செட்டியார் முதலியோர் சமயச் சொற்பொழிவுக்கென ஒரு சபை நடத்தி வந்தனர். ஆலைத் தொழிலாளர் மாலையில் அங்கே கூடுவர், பக்தியுரை கேட்பர், தம் துயரையும் கூறுவர். திரு. வி. க. அங்கும் பேசினார். அக்கூட்டத்தினின்றே 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவருள் ஒருவர். 1921இல் ஆலை வேலைநிறுத்தம் நீண்டபோது, ஆளுநர் வில்லிங்டன் அவரை அழைத்து, நாடு கடத்த நேரிடும் என எச்சரித்தார். அவர் தொழிலாளரை விட்டு அகலவில்லை.

முதுமையில் கண்ணொளி குன்றியபோதும், தாம் சொல்லப் பிறர் எழுதுமாறு பாக்கள் இயற்றி வந்தார். 1953 செப்டம்பர் 17இல் மறைந்தார்.