கடைசிவரை உண்மையாயிருந்த சிமிர்னா போதகர்



வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளைப்பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் நானும் அந்த ஏழு சபைகளை ஏழு காலங்களாகப் பிரித்து, காடாத்துணியில் பெரிய வரைபடம் எழுதி வைத்திருந்தேன். அதை ஆணியில் மாட்டி, குச்சியால் தொட்டுக்காட்டி ஊர் ஊராய்ப் பிரசங்கித்தேன். ஒருநாள் கூட்டம் முடிந்தபின் வயதான தாயார் ஒருவர் வந்தார்கள். இந்தக் கடிதத்தை முதல்ல வாங்கின ஜனங்க என்ன ஆனாங்க ஐயா, கேட்டபடி நடந்தாங்களா என்று விசாரித்தார்கள். நான் விழித்தேன். காலத்தையெல்லாம் கணக்குப் போட்ட எனக்கு அந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பதிலைத் தேடிப் போனபோதுதான் பொலிகார்ப் என்ற தேவமனிதனைச் சந்தித்தேன்.

சிமிர்னா இன்று துருக்கி நாட்டிலுள்ள இஸ்மிர் பட்டணம். அன்று அது ரோமருக்கு உயிர்த்தோழன். கி.பி. 26-ல் திபேரியு ராயனுக்குக் கோயில் கட்டப் பதினொரு பட்டணங்கள் போட்டிபோட்டன. ஜெயித்தது சிமிர்னாதான். ராயனை ஆண்டவன் என்று சொல்லிக் கொஞ்சம் தூபம் போடுவதுதான் அங்கே நல்ல குடிமகனுக்கு அடையாளம். அப்படிப்பட்ட ஊரில் இருந்த ஏழைச் சபைக்குத்தான் கர்த்தர் பத்மு தீவிலிருந்து யோவான்மூலம் கடிதம் அனுப்பினார் (வெளி. 2:8-11). காவலும் பாடும் வரும் என்று முன்னறிவித்தார். சாவு வந்தாலும் உண்மையாய் நிற்பவனுக்கு ஜீவகிரீடம் உண்டு என்று வாக்குக்கொடுத்தார்.

அந்தக் கடிதம் சுமார் கி.பி. 95-ல் எழுதப்பட்டது என்று வேதபண்டிதர் பலர் கருதுகிறார்கள். அப்போது பொலிகார்ப்புக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயது. கர்த்தரைக் கண்ணால் கண்டவர்களோடு பழகினவர், யோவானிடம் கற்றவர், அப்போஸ்தலராலேயே சிமிர்னாவில் கண்காணியாக வைக்கப்பட்டவர் என்று, சிறுவயதில் அவர் போதகத்தைக் கேட்ட இரேனியு எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கடிதம் சபையில் வாசிக்கப்பட்ட அன்று அந்த வாலிபனும் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடும். கேட்டுவிட்டு எழுந்துபோய் அறுபது வருஷம் அதின்படி வாழ்ந்தார். அதுதான் விசேஷம்!

அந்த அறுபது வருஷமும் சிங்கமும் நெருப்புமாய்ப் போய்விடவில்லை. பெரும்பாலும் நம்முடைய சபைகளில் இருக்கிற அதே பிரச்சினைகள்தான். பிலிப்பி சபையில் வாலேன்ஸ் என்ற மூப்பர் பண ஆசையில் விழுந்துபோனார். அந்தச் சபைக்குப் பொலிகார்ப் எழுதின நிருபம் இன்றும் இருக்கிறது. பண ஆசையை அவர் மூடிமறைக்கவில்லை, எல்லாத் தீமைக்கும் தொடக்கம் அதுதான் என்கிறார். ஆனால் வாலேன்ஸுக்காகவும் அவர் மனைவிக்காகவும் துக்கப்படுகிறார். அவர்களைப் பகைவராய் எண்ணாமல், விலகிப்போன அவயவங்களாக எண்ணித் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சுகிறார். நம்மில் ஒருவர் விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஜெபிக்கிறோமா, அல்லது அடுத்த வீட்டில் போய்ச் சொல்கிறோமா?

வயதான காலத்தில் ரோமாபுரிக்குப் போனார். பஸ்காவை எந்த நாளில் ஆசரிப்பது என்பதில் அவருக்கும் அங்கிருந்த கண்காணி அனிசேத்துவுக்கும் ஒத்துப்போகவில்லை. இவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை, அவர் சொன்னதை இவரும் ஏற்கவில்லை. ஆனாலும் அனிசேத்து தம் சபையில் திருவிருந்தை நடத்தும் கனத்தைப் பொலிகார்ப்புக்குக் கொடுத்தார். சமாதானத்தோடே பிரிந்தார்கள். இன்றைக்கு ஒரு சின்ன அபிப்பிராய பேதம் வந்தால் போதும், அடுத்த மாதமே எதிர்த்தெருவில் புதுச்சபைப் பலகை மாட்டிவிடுகிறோம், பாருங்க!

சுமார் கி.பி. 155-ல் உபத்திரவம் வந்தது. குவிந்து என்பவன் தானாகவே முன்வந்து, மற்றவர்களையும் தூண்டிவிட்டான். மிருகங்களைக் கண்டதும் பயந்து, ராயனுக்குப் பலியிட்டுவிட்டான். பொலிகார்ப் அப்படித் துள்ளிக்கொண்டு போகவில்லை. சபையார் கேட்டுக்கொண்டபடி ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டில் தங்கி, இரவும் பகலும் சபைகளுக்காக ஜெபித்தார். வேவுகாரர் தேடிவந்ததும் வேறொரு வீட்டுக்குப் போனார். அங்கேயும் வந்துவிட்டார்கள். மேலும் ஓடியிருக்கலாம், ஆனால் தேவசித்தம் ஆகட்டும் என்று கீழே இறங்கிவந்தார். பிடிக்க வந்தவர்களுக்குப் போஜனம் வைக்கச் சொன்னார்! ஜெபிக்க ஒருமணி நேரம் கேட்டு, இரண்டு மணி நேரம் ஜெபித்தார். தாம் சந்தித்த சிறியவர் பெரியவர் எல்லாரையும் அந்த ஜெபத்தில் நினைத்தார். இப்படிப்பட்ட கிழவரைப் பிடிக்க வந்தோமே என்று சேவகரில் பலர் மனம்நொந்தார்கள்.

கழுதையின்மேல் அவரைக் கொண்டுபோனார்கள். வழியில் காவல் அதிகாரி ஏரோதும் அவன் தகப்பனும் அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு நயமாய்ப் பேசினார்கள். ராயனை ஆண்டவன் என்று சொல்வதில் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டார்கள். அவர் இணங்காததால் கீழே தள்ளினார்கள். முழங்காலின்கீழ் அடிபட்டது. ஒன்றும் நடவாததுபோல் எழுந்து நடந்தார். ஜனங்கள் கூச்சலிட்ட அரங்கத்தில், கிறிஸ்துவை நிந்தித்தால் விட்டுவிடுகிறேன் என்றான் தேசாதிபதி. எண்பத்தாறு வருஷம் சேவித்தும் தமக்கு ஒரு பொல்லாப்பும் செய்யாத ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்ற கருத்தில் பொலிகார்ப் மறுத்துவிட்டார். நெருப்பில் நிறுத்தியபோது ஆணி அடிக்க வேண்டாம், நிற்பதற்குத் தேவன் பெலன் தருவார் என்றார். கட்டமட்டும் செய்தார்கள். ஜெபம் முடிந்ததும் தீ மூட்டினார்கள். கடைசியில் குத்திக் கொன்றார்கள். இதையெல்லாம் சிமிர்னா சபையார்தாமே எழுதிவைத்தார்கள்.

அவர்கள் எழுதின இன்னொன்றைக் கவனியுங்கள். அங்கே மரித்த இரத்தசாட்சிகளில் பிலதெல்பியாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களோடு சேர்த்துப் பொலிகார்ப் பன்னிரண்டாவது ஆள். ஏழு சபைகளில் கர்த்தர் ஒரு குற்றமும் சொல்லாத சபைகள் எவை? சிமிர்னாவும் பிலதெல்பியாவும்தான். அந்த இரண்டு சபைகளின் பிள்ளைகளும் ஒரே ஊரில் ஒரே கர்த்தருக்காக உயிரைக் கொடுத்தார்கள். அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆம் அம்மா, கேட்டபடி நடந்தார்கள்.

பிரியமானவர்களே, தீர்க்கதரிசனம் நாள் எண்ணுவதற்கு மாத்திரம் கொடுக்கப்படவில்லை, கைக்கொண்டு நடப்பதற்கே கொடுக்கப்பட்டது. சாவுவரை உண்மை என்பது சாகிற அன்றைக்குத் திடீரென்று வந்துவிடாது. காணிக்கைப் பணத்தில், சகோதரனோடு வரும் வாக்குவாதத்தில், வாசலில் வந்து நிற்கும் விரோதிக்கு வைக்கும் சாப்பாட்டில் அது தினந்தினம் வளர்கிறது. அந்த வரைபடத்தை நான் எரித்துவிடவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அதை மாட்டும்போதெல்லாம் அந்தத் தாயாரின் கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேட்டுப்பாருங்கள்.

கர்த்தர்தாமே நம்மை முடிவுவரைக்கும் உண்மையுள்ளவர்களாய்க் காப்பாராக. ஆமென்.