றேலி பிரபுவும் புவியோட்டின் அலைகளும்

வானம் நீலமாகத் தோன்றுவதன் காரணத்தை விளக்கியவர் என்றே றேலி பிரபுவை நம்முட் பலர் அறிவோம். கல்லூரி ஆய்வுகூடத்திலே பௌதிகம் பயின்றவர்க்கு ஒளியியலிலும் ஒலியியலிலும் அன்னாரின் பெயர் மாறி மாறி எதிர்ப்பட்டிருக்கும். ஆயின், நம் காலடியிலுள்ள புவியோட்டின் தடிப்பை அறிதற்கும் அவரே வழி திறந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

ஜோன் வில்லியம் ஸ்ற்றட் என்னும் இயற்பெயருடைய அவர் 1842 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆந் திகதி இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிற் பிறந்தார். இளமையில் உடல்நலங் குன்றியவர். பள்ளிப் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. எனினும் 1865 இற் கேம்பிறிட்ஜ் கணிதத் தேர்விலே முதல்வராகத் தேறினார். 1872 இல் வாதக் காய்ச்சல் கண்டு, உடல் தேறும்பொருட்டு எகிப்துக்குச் சென்று நைல் நதியிற் படகிலே தங்கினார். ஒலியியல் பற்றிய அவரது பெருநூல் அப்படகிலேதான் தொடங்கியது! தந்தையார் 1873 இல் மறையவே பிரபுப் பட்டமும் பண்ணை நிலமும் வந்து சேர்ந்தன. மாளிகையின் ஒரு பகுதியை அவர் ஆய்வுகூடமாக்கினார். மாக்ஸ்வெல்லின் மறைவுக்குப்பின் 1879 முதல் 1884 வரை கேம்பிறிட்ஜிற் கவெண்டிஷ் பேராசிரியராக விளங்கினார்.

பதவி துறந்து ஊர் மீண்ட மறு ஆண்டே, 1885 இல், சிறு கட்டுரையொன்றை வெளியிட்டார். மீள்தன்மையுள்ள திண்மமொன்றின் மேற்பரப்பை மட்டும் பற்றிச் செல்லும் அலை உண்டோ என்பது வினா. உண்டெனவும், ஆழஞ் செல்லச் செல்ல அதன் அசைவு அருகுமெனவும், அதன் வேகம் குறுக்கலையின் வேகத்திலுஞ் சற்றே குறைந்ததெனவும் கணித்தார். உட்செல்லும் அலைகள் எப்புறமும் பரந்து நலிய, இவ்வலை பரப்பிலே மட்டும் விரிவதால் தொலைவிலே இதுவே மேலோங்கும். ஆதலாற் பூகம்பத்தில் இதற்குப் பெரும் பங்கிருக்கலாமென இறுதியிற் சுட்டிச் சென்றார். யப்பானிய பூகம்பமொன்று ஜெர்மனியின் பொற்ஸ்டாமிலே பதிவானதோ 1889 இலேதான். கண்ணாற் காணாத அலையைக் கடதாசியிலே கண்டவர் என அவரைச் சொல்லலாம்.

அசாம் பூகம்பத்தை ஆராய்ந்த ஓல்டாம் என்பவர் 1900 இல் பதிவுகளிலே மூவகை அலைகளைப் பிரித்துக் காட்டினார். இறுதியில் வரும் பேரலை மேற்பரப்பலை. 1911 இல் லவ் என்னும் கணித அறிஞர், பக்கவாட்டில் அசையும் இன்னொரு மேற்பரப்பலையை விளக்கினார்.

இங்கே ஒன்று கூறவேண்டும். றேலி கற்பனை செய்த பூமி எங்கணும் ஒரே தன்மையது. அதில் எல்லா அலையும் ஒரே வேகத்திற் செல்லும். உண்மைப் பூமியோ அடுக்கடுக்கானது. நெட்டலை ஆழத்தைத் தொடுவதால், அங்குள்ள கடும்பாறையின் துணைகொண்டு முந்திவரும். குற்றலை மேலோட்டிலே தவழ்ந்து பிந்தும். கணக்கினின்றும் பூமி விலகிய இவ்விலகலே அறிஞர்க்கு அளவுகோலாயிற்று. எந்நீள அலை எவ்வளவு பிந்துகின்றது என அளந்து, கண்டங்களின் ஓடு பொதுவாக 30 முதல் 40 கிலோமீற்றர் வரை எனவும், சமுத்திரத்தின் கீழ் அது ஏழு கிலோமீற்றரளவே எனவும், திபெத்தில் எழுபதை எட்டுமெனவும் கண்டனர். 2005 அளவில், கடலலைகள் தரையில் எழுப்பும் ஓயாத சிற்றதிர்வைக்கொண்டே, பூகம்பத்துக்குக் காத்திராமல், கலிபோர்னியாவின் புவியோட்டைப் படம்பிடித்தனர்.

ஆகன் வாயுவைக் கண்டமைக்காக றேலிக்கு 1904 இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கதை யாவரும் அறிந்தது. 1919 ஆம் ஆண்டு யூன் 30 ஆந் திகதி அவர் காலமானார்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி காலை, சுமாத்திராவிலே பூமி பிளந்த சில நிமிடங்களில் அவர் பெயர் தாங்கிய அலைகள் நம் இலங்கையின் கீழாகச் சென்றன. கண்டிக்கு அருகே பல்லேகலவிலுள்ள கருவி, நிலம் சென்ரிமீற்றர்க் கணக்கில் எழுந்து தாழ்ந்ததைப் பதிந்தது. அவ்வசைவு மிக மெதுவானதால் நம்மிற் பலர் அதனை உணர்ந்திலர். கடல் வந்தது ஏறக்குறைய இரண்டு மணி நேரங் கழித்து.