அந்தோணியார் திருநாளில் வந்த சிறுவன்

கோயில் இருக்கும் இடத்தில் பள்ளியும், பள்ளி இருக்கும் இடத்தில் ஒரு விளையாட்டுத் திடலும் இருப்பது நம் திருச்சபையில் நெடுநாளைய வழக்கம். ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் திடலை நோக்கி ஓடாத சிறுவன் நம் பங்கிலும் இல்லை. அந்தத் திடலில் என்ன விளைகிறது என்பதைப் பெரியவர்களாகிய நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே இந்த ஜூபிலி மலரில், துறவறச் சகோதரர்கள் நடத்திய ஒரு பள்ளித் திடலிலிருந்து உலகப் புகழுக்கு உயர்ந்த ஒரு மாணவரின் வாழ்க்கையை நினைவுகூர விரும்புகிறோம். அவர் பெயர் பேப் ரூத். அவர் புனிதர் அல்லர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆயினும் அவருடைய கதையில் நமக்குப் பாடம் உண்டு.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 1895-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் நாள் ஜார்ஜ் ஹெர்மன் ரூத் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானிய வழியில் வந்தவர்கள். பிறந்த எட்டுக் குழந்தைகளில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் இவரும் ஒரு தங்கையும் மட்டுமே. தந்தை மதுக்கடை நடத்தினார். தாயோ நோயாளி. காலை முதல் இரவு வரை கடையே கதியென்று கிடந்த அந்த வீட்டில் பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை. துறைமுகத் தெருக்களில் திரிந்த சிறுவன் பள்ளிக்கு மட்டம் போட்டான், புகையிலை மென்றான், சில்லறைத் திருட்டுகளும் செய்தான். ஏழு வயதிலேயே அவனை அடக்க இயலாதவன் என்று முடிவு செய்து, பெற்றோர் தூய மரியா தொழிற்பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த நாள் 1902 ஜூன் 13. அது காணாமற் போனவற்றைக் கண்டெடுத்துத் தரும் பதுவைப் பதியராம் புனித அந்தோணியாரின் திருநாள் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பள்ளி 1866-ல் பால்டிமோர் பேராயர் ஸ்பால்டிங் முயற்சியால் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்கள் சவேரியார் சபைச் சகோதரர்கள். 1839-ல் பெல்ஜியம் நாட்டில் தோன்றிய இச்சபை, முத்துக்குளித்துறைக் கடற்கரையெங்கும் கால்நடையாய் நடந்து நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் வழங்கிய அதே புனித சவேரியாரின் பெயரைத் தாங்கியது. அநாதைகள், ஏழைகள், வீட்டுக்கு அடங்காதவர்கள் எனச் சுமார் எண்ணூறு சிறுவர்கள் அங்கே இருந்தார்கள். மதிற்சுவருக்குள் வாழ்க்கை, மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் பாடம், மணி அடித்தால் தொழிற்பயிற்சி. ஜார்ஜ் தையற்கூடத்தில் சட்டை தைக்கக் கற்றான். உறவினர் பார்க்க வரும் நாட்களில் அவனைத் தேடி வந்தவர்கள் அரிது. இடையிடையே வீட்டுக்கு அனுப்பப்பட்டும், ஒவ்வொரு முறையும் திரும்ப வந்து சேர்ந்தான். அவன் புதுநன்மை வாங்கியதும் அங்கேதான்.

அங்கே ஒழுங்கைக் கண்காணித்தவர் சகோதரர் மத்தியாஸ். கனடா நாட்டில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் ஓங்கிய ஆஜானுபாகு. குரலை உயர்த்தாமலே நூற்றுக்கணக்கான பையன்களை அமைதிப்படுத்தக் கூடியவர். மாலை வேளைகளில் அவர் மட்டையை ஒரே கையால் பிடித்துப் பந்தை வானுயர அடிப்பார். அதைப் பிடிக்கச் சிறுவர்கள் போட்டி போட்டு ஓடுவார்கள். ஜார்ஜ் வாய் பிளந்து நின்று பார்த்தான். பின்னாளில் அவருடைய மட்டை வீச்சையும், உட்புறம் திரும்பிய பாதங்களோடு அவர் எடுத்து வைத்த சிற்றடி நடையையும்கூட அப்படியே தனதாக்கிக் கொண்டான். எழுத்தும் வாசிப்பும் கற்பித்தவரும் அவரே. பந்தாட்டம் பழக்கியவரும் அவரே. பெற்ற தந்தை இருந்தும் தந்தையில்லாதவனாய் வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் துறவி தந்தையானார்.

இங்கே பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். நம் கிரிக்கெட்டைப் போல் இதுவும் பந்தும் மட்டையும் கொண்டது. பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்துவிட்டால், அடித்தவர் நான்கு முனைகளையும் சுற்றி வந்து ஓட்டம் பெறுவார். அதை ஹோம் ரன் என்பார்கள். நம் சிக்சருக்கு ஒப்பிடலாம். ஆனால் அதைவிட அரிது. தூய மரியா பள்ளியில் இந்த ஆட்டத்துக்குப் பல அணிகள் இருந்தன. இடக்கைக்காரனான ஜார்ஜ், வலக்கைக்காரருக்கான கையுறையை வைத்துக்கொண்டே ஆடிப் பழகினான். பதினெட்டு வயதில் பந்தெறிவதிலும் அடிப்பதிலும் அவனுக்கு நிகர் அங்கே இல்லை.

பால்டிமோர் அணியின் உரிமையாளர் ஜாக் டன் என்பவர், 1914 பிப்ரவரியில் அவனைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார். ஆண்டுச் சம்பளம் 600 டாலர். இருபத்தொரு வயது வரை பள்ளியின் பொறுப்பில் இருக்க வேண்டிய பையன் ஆதலால், டன் அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலராக வேண்டியிருந்தது. அதைக் கண்ட மற்ற ஆட்டக்காரர்கள் அவனை டன்னின் குழந்தை என்று கேலி செய்ய, குழந்தை எனப் பொருள்படும் பேப் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதன்பின் நடந்தது விளையாட்டு வரலாறு. அதே ஆண்டு பாஸ்டன் அணிக்கு மாறினார். முதலில் பந்தெறிபவராகவே பெயர் பெற்றார். வாழ்நாளில் 94 ஆட்டங்களை அவ்வகையில் வென்று கொடுத்தார். நியூயார்க் யாங்கீஸ் அணி ஒரு லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கிய செய்தி 1920 ஜனவரியில் வெளியாயிற்று. அவ்வாண்டு 54 ஹோம் ரன், அடுத்த ஆண்டு 59, 1927-ல் 60. அந்த 1927-ம் ஆண்டில் அவர் ஆடிய லீக்கின் மற்ற அணிகளில் எந்த ஒரு முழு அணியும் 56-க்கு மேல் அடிக்கவில்லை என்றால் அவருடைய ஆற்றலை நாம் ஊகிக்கலாம். 1935-ல் ஓய்வு பெற்றபோது மொத்தம் 714. கறுப்பின வீரர்கள் பெரிய லீக்குகளில் சேர்க்கப்படாத காலம் அது என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்தத் தடை 1947-ல் நீங்கியது. 1974-ல் 714-ஐத் தாண்டியவர் ஹாங்க் ஆரன் என்னும் கறுப்பின வீரரே.

புகழும் பணமும் வந்தபோது, மதிலுக்குள் கற்ற ஒழுங்கு மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது. குடி, பெருந்தீனி, ஊதாரித்தனம், இரவு வாழ்க்கை என எதற்கும் அளவில்லை. 1914-ல் கோயிலில் கைப்பிடித்த மனைவி ஹெலனுடன் இல்லறம் நிலைக்கவில்லை. பிரிந்து வாழ்ந்த அப்பெண் 1929-ல் ஒரு தீ விபத்தில் உயிரிழந்தாள். 1925-ல் நோயுற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின்னும் திருந்தாததால், அணியின் மேலாளர் அவரை ஆட்டத்திலிருந்து நீக்கிவைத்து 5,000 டாலர் அபராதமும் விதித்தார். சகோதரர்களின் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு வீணாயிற்றோ என்று அப்போது யாரேனும் கேட்டிருந்தால், பதில் சொல்வது கடினமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றை அவர் ஒருநாளும் விட்டாரில்லை. தம்மை வளர்த்த பள்ளியை மறைத்துப் பேசவில்லை. 1919 ஏப்ரலில் அப்பள்ளியின் பெரும்பகுதி தீக்கிரையானது. மறு ஆண்டே பள்ளியின் வாத்தியக் குழுச் சிறுவர்களைத் தம் அணியோடு ஊர் ஊராக அழைத்துச் சென்று, ஆட்டத் திடல்களில் வாசிக்கச் செய்து, கட்டட நிதி திரட்ட உதவினார். 1926-ல் சகோதரர் மத்தியாசுக்கு ஒரு காடிலாக் கார் வாங்கிக் கொடுத்தார். அது ரயிலில் மோதி நொறுங்கவே, மற்றொன்றும் வாங்கிக் கொடுத்தார்! வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்குக் காடிலாக் எதற்கு என்று நாம் சிரிக்கலாம். நன்றிக்கு வேறு மொழி அறியாத பிள்ளையின் அன்பு அது. சென்ற ஊர்களில் எல்லாம் அநாதை இல்லங்களையும் மருத்துவமனைகளையும் தேடிச் சென்று, படுக்கையில் கிடந்த குழந்தைகளுடன் அமர்ந்து பேசுவார்.

1946-ல் அவருக்குத் தொண்டைப் பகுதியில் புற்றுநோய் கண்டது. இடிமுழக்கம் போன்ற குரல் கரகரத்துத் தேய்ந்தது. அந்த நோய்ப்படுக்கையில் இளமையின் விசுவாசம் மீண்டும் துளிர்த்தது. பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் அவருக்கு ஆறுதலாயின. 1948 ஜூன் 13 அன்று யாங்கீஸ் திடலில் அவருடைய 3-ம் எண் சட்டைக்கு ஓய்வு அளிக்கும் விழா நடந்தது. மெலிந்த உடலோடு, மட்டையை ஊன்றுகோலாக ஊன்றி அவர் நின்றார். மதிலுக்குள் விடப்பட்ட நாளிலிருந்து சரியாக 46 ஆண்டுகள். அன்றும் அந்தோணியார் திருநாளே. ஆகஸ்டு 16 அன்று, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள், 53-ம் வயதில் இறந்தார். அவர் உடல் வைக்கப்பட்ட திடலில் பல்லாயிரம் மக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். நியூயார்க் புனித பத்ரீசியார் பேராலயத்தில், கர்தினால் ஸ்பெல்மன் முன்னிலையில் அடக்கத் திருப்பலி நடைபெற்றது.

சகோதரர் மத்தியாஸ் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1944-ல், இறைவனடி சேர்ந்துவிட்டார். தம் பிள்ளை திரும்பி வந்ததை அவர் இவ்வுலகில் பார்க்கவில்லை. பள்ளியும் 1950-ல் மூடப்பட்டது. விதைத்தவர் அறுவடையைக் காண்பதில்லை என்பது நற்செய்திப் பணியின் இயல்பு.

அன்பர்களே, நம் பங்கின் வரலாற்றிலும் மத்தியாசைப் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் கல்வெட்டில் இல்லை. முரட்டுப் பையன் ஒருவனை வெளியே தள்ளாமல், ஒரு பந்தைக் கையில் கொடுத்து, நாளைக்கும் வா என்று சொன்னவர்கள் அவர்கள். நம் திடலில் இன்று அடங்காமல் திரியும் சிறுவனைக் கடிந்து விரட்டுமுன், ஒரு கணம் நின்று யோசிப்போம். அவன் பேப் ரூத் ஆகாமல் போகலாம். ஆயினும் அவனும் அந்தோணியாரிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையே. அவனைத் தேடிக் கண்டெடுக்கும் பொறுப்பு, இந்த ஜூபிலி ஆண்டில் நம் அனைவருக்கும் உண்டு.