சென்னையைக் கொடுத்த காளஹஸ்தி நாயக்கர்

காளஹஸ்திக்கு வருகிற தமிழர்களுக்குக் கோவில் தெரியும், சுவர்ணமுகி ஆறு தெரியும், கண்ணப்பர் மலை தெரியும். சென்னைப் பட்டணம் உருவாவதற்கு இடம் எழுதிக் கொடுத்தவர் இந்த ஊர்ப் பாளையக்காரர் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. அவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். வேங்கடப்ப நாயக்கர் என்றும் சொல்வதுண்டு.

1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்தது. அதன் பிறகு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று அரசர்களின் தலைநகர் தெற்கே இறங்கிக்கொண்டே வந்தது. பட்டம் அரசருக்கு, படை நாயக்கர்களுக்கு என்ற நிலைமை. வேங்கடாத்ரி நாயக்கர் சென்னப்ப நாயக்கரின் மகன். காளஹஸ்தி, வந்தவாசிப் பகுதிகளும், பழவேற்காடு தொடங்கி சாந்தோம் வரையிலான கடற்கரையும் அவர் ஆதிக்கத்தில் இருந்தன. அரசர் பெத்த வேங்கடராயரிடம் அவருக்குப் பெரிய செல்வாக்கு. கடற்கரைக் காரியங்களைப் பூந்தமல்லியிலிருந்து தம்பி அய்யப்ப நாயக்கர் கவனித்தார்.

அந்தக் கடற்கரையில்தான் ஐரோப்பாவின் சண்டை வந்து இறங்கியது. போர்த்துகல் அப்போது ஸ்பெயின் மன்னரின் கீழ் இருந்தது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரைக் கண்ட இடத்தில் எல்லாம் தாக்கினார்கள். பழவேற்காட்டில் 1613-ல் டச்சுக் கோட்டை எழுந்தது. தெற்கே சாந்தோமில் போர்த்துக்கீசியர். எங்கோ இருக்கும் இரண்டு நாடுகளின் பகை, நாயக்கரின் நெசவாளர்களும் செம்படவர்களும் வாழ்ந்த கரையில் தீர்க்கப்பட்டது.

மூன்றாவதாக வந்தவர்கள் ஆங்கிலேயர். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் அவர்களை ஒட்டவிடவில்லை. வடக்கே ஆர்மகான் என்ற துர்க்கராஜபட்டணத்தில் 1626 முதல் இருந்தும் நிம்மதி இல்லை. அங்கிருந்த கும்பினி அதிகாரி பிரான்சிஸ் டே, வேறு இடம் தேடித் தெற்கே வந்தார். பேரி திம்மப்பா பேச்சுவார்த்தைக்கு உதவினார்.

நாயக்கர் ஒன்றும் ஏமாளி அல்லர். டச்சுக்காரருக்கும் போர்த்துக்கீசியருக்கும் நடுவில் மூன்றாவது ஒருவரை உட்கார வைத்தால் இரண்டு பேரும் அடங்குவார்கள் என்பது அவர்கள் குடும்பத்தின் கணக்கு. அய்யப்பர் சென்னப்பட்டணத்தை அமைத்தது பழவேற்காட்டாருக்கும் மயிலாப்பூராருக்கும் இடையே நடந்த சண்டையைத் தடுக்கத்தான் என்று அதே குடும்பத்தைச் சேர்ந்த அங்கபூபாலர் தமது தெலுங்குக் காவியத்தில் எழுதி வைத்திருக்கிறார். நாயக்கர் எதிர்பார்த்த நன்மைகளை டே தம் மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பினார். நாடு செழிக்க வேண்டும். பாரசீகக் குதிரைகள் வேண்டும். வங்காளத்திலிருந்து வல்லூறுகளும் குரங்குகளும் கிளிகளும் வாங்கி வர வேண்டும். கடைசியாக ஒன்று: அக்கம்பக்கத்துப் பகைவர்கள் நெருக்கினால், இந்தக் கோட்டை தம் உயிரைக் காக்க வேண்டும். குதிரையும் கிளியும் இருக்கட்டும், நாயக்கர் மனத்தில் இருந்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

1639-ல் சாசனம் எழுதப்பட்டது. பழைய பிரதிகளில் ஜூலை 22 என்று இருக்கிறது. ஆகஸ்ட் 22-ஐத்தான் இன்று சென்னை தினமாகக் கொண்டாடுகிறார்கள். மதராசப்பட்டணத்தை ஆங்கிலேயர் இரண்டு ஆண்டு முழுமையாக ஆளலாம். அதன் பிறகு சுங்கத்திலும் வருமானத்திலும் பாதி அவர்களுக்கு. நாணயம் அடிக்கும் உரிமையும் உண்டு. புதிய ஊருக்குத் தந்தை சென்னப்பரின் பெயர் வைக்க வேண்டும் என்பது நாயக்கர் வீட்டார் விருப்பம்.

கோட்டைச் செலவு யாருடையது என்பதில் தகராறு வந்தது. நாயக்கர் கட்டித் தருவார் என்று டே நம்பியிருந்தார். 1640 பிப்ரவரி 20-ல் டேயும் ஆண்ட்ரூ கோகனும் ஏறத்தாழ 25 ஐரோப்பியச் சிப்பாய்களோடு வந்து இறங்கியபோது, நாயக்கர் பணம் எடுக்கவில்லை. செலவு கும்பினி தலையில் விழுந்தது. லண்டன் முதலாளிகள் முணுமுணுத்தார்கள். காசு கொடுத்தவர்களுக்கே கோட்டையும் சொந்தமாயிற்று. நாயக்கர் அன்று மிச்சப்படுத்திய பணம் பிற்பாடு அவருக்கு எவ்வளவு விலையாயிற்று என்பதுதான் கதையின் மறுபாதி.

1642 அக்டோபரில் வேங்கடராயர் நாராயணவனத்துக் காடுகளில் இறந்தார். அவர் தம்பி மகன் ஸ்ரீரங்கராயர் பட்டத்துக்கு வந்தார். புதிய அரசருக்கும் நாயக்கருக்கும் ஒத்துப்போகவில்லை. வடக்கே கோல்கொண்டா சுல்தானின் படை நெருங்கிக்கொண்டிருந்தது. நாயக்கர் அந்தப் பக்கத்தோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று அரசர் அவரைச் சிறைப்பிடித்தார். உறவினர்கள் படை திரட்டிய பிறகே அவர் வெளியே வந்தார். கடற்கரை அதிகாரம் கைவிட்டுப் போயிற்று. அது போய்ச் சேர்ந்ததோ டச்சுக்காரரோடு வியாபாரத் தொடர்பு வைத்திருந்த மல்லய்யாவிடம்! எந்த டச்சுக்காரரை அடக்க ஆங்கிலேயரை அழைத்தாரோ, அவர்கள் பக்கத்து ஆளே அவர் இடத்தில் உட்கார்ந்தார்.

கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்கு அப்போது கவலை வேறு. நாயக்கர் தந்த சாசனம் இனிச் செல்லுமா என்பதே அவர்கள் கேள்வி. 1645-ல் ஸ்ரீரங்கராயரிடமே புதிய சாசனம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்து கோல்கொண்டாவின் மீர் ஜும்லா கடற்கரையைப் பிடித்தார். அவரிடமும் உறுதி பெற்றார்கள். நாடு இழந்த ஸ்ரீரங்கராயர் ஊர் ஊராக அலைந்தார். கோட்டை அசையவில்லை.

தாமர்ல வம்சத்தார் காளஹஸ்திப் பாளையக்காரர்களாக நிலைத்தார்கள். கர்நாடகத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர்கள் முடிந்து, ஆற்காட்டு நவாபும் போன பின், 1802-ல் கும்பினி அவர்களுக்கு ஜமீன் சனது வழங்கியது. படை வைத்துக்கொள்ளும் பொறுப்பு நீக்கப்பட்டு, அதற்கு ஈடாகப் பணம் கேட்கப்பட்டது. அது முதல் காளஹஸ்தி ஜமீன் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகை, வேங்கடாத்ரி நாயக்கர் இடம் கொடுத்த அந்தக் கோட்டையிலிருந்து ஆண்ட அரசாங்கத்துக்கே போயிற்று.